அத்தியாயம் 5: கவச ஜக்கெற் தெரிவு செய்தல்

அக்கராயனில் மோட்டார் சைக்கிளை எடுத்தவருக்குக் கொஞ்ச நேரத்துக்குள் எல்லா வகைத் தரையும் வந்துவிடும். முறிகண்டிப் பக்கம் போய் ஏ9 ஏறினால் கார்பெற் வீதி. ஜெயபுரம் பக்கம் திரும்பினால் கிரவலும் மணலும் காட்டோரப் பற்றையும். குளக்கட்டுக்குக் கீழே இறங்கினால் வாய்க்கால் கரையும் களிமண்ணும். மோட்டோகுரொஸ் ஓட்டக்காரருக்குச் செய்த கவசம் மண்ணில் விழுவதற்கானது. நெடுஞ்சாலை ஓட்டக்காரருக்குச் செய்தது தாரில் சறுக்குவதற்கானது. உங்களுக்கு இரண்டும் வேண்டும். சித்திரை வெயிலில் கழற்றி ஹாண்டிலில் தொங்கவிடாமல் போட்டிருக்கவும் முடிய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதல் நிபந்தனையாக வைப்பேன். மிகத் தடித்த கவசம் வீட்டு ஆணியில் தொங்கினால் அதன் தரம் எதுவானாலும் ஒன்றுதான்.

எச்சரிக்கை: தடம் விட்டு இறங்க வேண்டாம்

ஜக்கெற் பேச்சுக்கு முன் இதை வாசித்துவிடுங்கள். ஆட்களும் மாடுகளும் உழவு இயந்திரங்களும் நாளாந்தம் போய்வரும் தடத்தில் மட்டும் ஓடுங்கள். போர் முடிந்தது 2009 இல். ஹலோ ட்ரஸ்ற், மாக் போன்ற அமைப்புகள் அதற்குப் பிறகும் வருடக்கணக்காக வன்னி மண்ணில் மிதிவெடி அகற்றி வந்திருக்கின்றன. இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தபோது அகற்றி முடிப்பதற்குக் குறிக்கப்பட்ட ஆண்டு 2028. மண்டையோட்டுப் பலகை, சிவப்புப் பூசிய தடி, கட்டிய நாடா, பழைய மண் அணை, இடிந்த பங்கர் எதைக் கண்டாலும் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பைக் சறுக்கிப் பழக்கமில்லாத பற்றைக்குள் போய்விட்டால், அதை இழுக்க உள்ளே இறங்க முன் ஊர் ஆட்களைக் கேளுங்கள். எந்தக் கவச ஜக்கெற்றும் வெடியைத் தாங்கச் செய்யப்பட்டதில்லை.

நீங்கள் எப்படி விழுவீர்கள்?

கிரவல் வீதியில் வழக்கமான விழுகை ஒன்றுதான். வளைவில் முன்சில்லு உருள்கல்லில் ஏறி வழுக்கும். நீங்கள் பக்கவாட்டில் சாய்வீர்கள். முழங்கையும் தோள்மூட்டும் முதலில் தரையில் மோதும். வேகம் குறைவாக இருக்கும், ஆனால் அடி ஓரிடத்தில் குவிந்து விழும். சில வேளை பைக்கும் மேலே வரும், ஹாண்டில் நுனி நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தும். முன்னால் போகிறவரின் பின்சில்லு கல்லை எறியும். காரையும் சூரையும் நிற்கும் இடத்தில் முள் கையைக் கிழிக்கும். இரவென்றால் கட்டாக்காலி மாடு.

தாரில் விழுந்தால் கதை வேறு. அங்கே உடம்பு நீளத்துக்கு உரஞ்சிக்கொண்டு போகும். மெல்லிய துணி கணத்தில் தேய்ந்து தோல் வெளியே வந்துவிடும்.

ஆக ஜக்கெற்றுக்கு வேலை மூன்று: அடியை வாங்குவது, உரஞ்சலைத் தாங்குவது, விழும்போது கவசத் துண்டை அதன் இடத்திலேயே பிடித்து வைத்திருப்பது. மூன்றாவதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. முழங்கைக் கவசம் முன்னங்கைக்கு நழுவிவிட்டால் அது எத்தனை நல்ல கவசம் என்பதில் பயன் இல்லை.

கடையில் காணும் மூன்று வகை

முதலாவது, நெஞ்சிலும் முதுகிலும் கட்டும் கடின பிளாஸ்ரிக் தட்டு. பார்க்க மிகவும் பாதுகாப்பாகத் தெரியும், விலையும் குறைவு. பெரும்பாலும் இது கல் தடுப்பு மட்டுமே. முன்னால் போகிறவரின் சில்லு எறியும் கல்லைத் திருப்பும். நிலத்தில் மோதும் அடியை வாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது கவசச் சட்டை. உடம்போடு ஒட்டும் வலைத்துணியில் தோள், முழங்கை, நெஞ்சு, முதுகுக் கவசங்கள் பொருத்தியிருக்கும். மேலே ஒரு ஜேர்சி போடுவார்கள். காற்று நன்றாகப் போகும், கவசமும் அசையாது. மண்ணில் விழ இதைவிட நல்லது இல்லை. தாரில் அந்த வலைத்துணி நிற்காது. அநுராதபுரம் சாலியபுரத்தில் நடக்கும் கஜபா சுப்பர்குரொஸ், தியத்தலாவை பொக்ஸ் ஹில் போன்ற போட்டிகளில் ஓட்டக்காரர் இந்த வகையைப் போட்டிருப்பதைக் காணலாம். அவர்கள் ஓடுவது மூடிய மண் ஓடுபாதையில், பக்கத்தில் அம்புலன்ஸ் நிற்க. வீட்டுக்குத் திரும்ப அவர்கள் அதே பைக்கில் ஏ9 ஏறுவதில்லை.

மூன்றாவது மெஷ் ஜக்கெற். தோளிலும் முழங்கையிலும் கோர்டுரா போன்ற தடித்த துணி, நெஞ்சிலும் முதுகிலும் காற்றுப் போகும் வலை, உள்ளே கவசம் செருகப் பொக்கெற்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மூன்றாவதை வாங்குங்கள். முதுகு, நெஞ்சுக் கவசங்களைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காட்டுவழியிலும் குளக்கரையிலுமே ஓடுகிறவர் கவசச் சட்டையை எடுத்து அதன் மேல் தளர்வான மெஷ் ஜக்கெற் போடலாம். அப்போது ஜக்கெற்றுக்குள் இருக்கும் கவசத்தைக் கழற்றிவிடுங்கள்; இரண்டு கவசம் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். டெனிம் சேட்டைத் தாருக்குப் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம்.

லேபலை வாசிக்கும் ஒழுங்கு

பிராண்டின் பெயரை யாரும் அச்சடித்துவிடலாம். மலிவுச் சரக்கில் பேர்போன பெயர்கள் தாராளமாக ஒட்டியிருக்கும். ஆகவே கீழே உள்ள ஒழுங்கில் பாருங்கள்.

1. பொக்கெற்றைத் திறந்து தோள், முழங்கைக் கவசங்களை வெளியே எடுங்கள். எடுக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

2. கவசத்தின் மேலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டியின் சிறு படமும் ‘ஈஎன் 1621-1’ என்ற இலக்கமும் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்க வேண்டும். பக்கத்தில் ‘எஸ்’ என்றால் தோள், ‘ஈ’ என்றால் முழங்கை. வெறும் ‘சீஈ’ அடையாளம் மட்டும் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

3. அடுத்து 1 அல்லது 2 என்ற நிலை. சோதனையில் 50 யூல் சக்தியோடு ஒரு நிறையை விழுத்துவார்கள். ஐந்து கிலோ ஒன்று ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவது போன்றது அது. கவசத்தைத் தாண்டி அடுத்த பக்கம் போகும் விசை சராசரியாக 35 கிலோ நியூற்றனுக்குள் இருந்தால் நிலை 1, 20க்குள் இருந்தால் நிலை 2. விலை வித்தியாசம் தாங்கக்கூடியதென்றால் நிலை 2.

4. ‘ரீ+’ என்ற குறியைத் தேடுங்கள். வன்னியில் வாங்குகிறவர் தவறவிடக் கூடாதது இது. மென்கவசங்களின் மூலப்பொருள் சூட்டில் இளகும்; குளிரூட்டிய கடையில் தடவிப் பார்த்தபோது இருந்த இறுக்கம் வெயிலில் இருக்காது. ‘ரீ+’ உள்ள கவசம் 40 பாகை செல்சியசில் வைத்தும் சோதிக்கப்பட்டது. ‘ரீ-’ என்பது உறைகுளிருக்கான சோதனை. அது நமக்குத் தேவையில்லை.

5. பக்கத்தில் ‘ஏ’ அல்லது ‘பி’ என்று இருக்கும். ‘பி’ பெரிய பரப்பை மூடும், ‘ஏ’ சிறியது. ஒல்லியான உடம்புக்காரர் தவிர மற்றவர்கள் ‘பி’ எடுக்கலாம்.

6. முதுகுப் பொக்கெற்றைத் திறவுங்கள். அநேகமாக அங்கே இருப்பது இலக்கம் எதுவும் இல்லாத மெல்லிய பஞ்சுத் தட்டு. அது இடம் நிரப்ப வைத்தது. முதுகுக் கவசத்துக்கு ‘ஈஎன் 1621-2’ என்ற தனி இலக்கம் உண்டு. அங்கே கணக்கும் கடுமை, நிலை 1 க்கு 18, நிலை 2 க்கு 9 கிலோ நியூற்றன்.

7. நெஞ்சுக் கவசத்தில் ‘ஈஎன் 1621-3’ இருந்தால் அது அடியை வாங்கும். ‘ஈஎன் 14021’ மட்டும் இருந்தால் கல் தடுப்பு. இரண்டு இலக்கமும் உள்ளதும் கிடைக்கும். மண்வீதிக்கு அதுவே சிறந்தது.

8. கடைசியாக ஜக்கெற்றின் உள்ளே தைத்த லேபல். ‘ஈஎன் 17092’ என்ற நியமத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ என்ற வகுப்புகள் உரஞ்சல் தாங்குவதன் இறங்குவரிசை. ‘பி’ வகுப்பு உரஞ்சலைத் தாங்கும், ஆனால் கவசம் இல்லாதது. ‘சி’ வகுப்பு கவசத்தைப் பிடித்து வைக்கும் உடை மட்டும். கவசச் சட்டைகள் இதில்தான் வரும். எமது கலப்பு ஓட்டத்துக்கு ‘ஏ’ போதும், ‘ஏஏ’ மெஷ்ஷில் கிடைத்தால் இன்னும் நல்லது. ‘ஏஏஏ’ தோலுடையை இங்கே ஒரு மத்தியானம் போட்டுப் பார்த்தால் நான் ஏன் சொல்லவில்லை என்று தெரியும்.

இந்த நியமத்தில் எந்த வகுப்பிலும் முதுகுக் கவசம் கட்டாயம் இல்லை. பொக்கெற் வெறுமையாக வருவதற்குக் காரணம் அது. ‘லேபல் சரியாக இருக்கிறதே’ என்று முதுகை மறந்துவிடாதீர்கள்.

கடையில் போட்டுப் பார்த்தல்

ஓடும்போது போடும் உள்சேட், ஹெல்மெற், கையுறை, முதுகுப் பை எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டு போங்கள்.

1. சிப்பை முழுக்க இழுத்து, கையிலும் இடுப்பிலும் உள்ள பட்டிகளை இறுக்குங்கள். ஆழமாக மூச்செடுங்கள். நெஞ்சில் பிடிக்காமலும் துணி மடிந்து தொங்காமலும் இருக்க வேண்டும்.

2. நேரே நின்று கண்ணாடி பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. கிரவலில் நீங்கள் கால்மிதியில் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, முழங்கைகளை வெளியே விரித்து ஓடுவீர்கள். பைக் இல்லாவிட்டால் கடை மேசையின் விளிம்பை ஹாண்டில்போலப் பிடித்து அதே நிலையில் நில்லுங்கள். இப்போது முழங்கைக் கவசத்தின் குழி சரியாக முழங்கை மொளியில் இருக்கிறதா?

3. கூட வந்தவரைக் கவசத்தைப் பிடித்துச் சுழற்றச் சொல்லுங்கள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் திரும்பினால் பட்டியை இறுக்குங்கள். அப்படியும் திரும்பினால் ஓர் அளவு சிறியது எடுங்கள். நண்பர் தயங்காமல் முறுக்க வேண்டும், நிலம் தயங்காது.

4. தோள் கவசம் மூட்டின் உருண்டையை மூட வேண்டும். பின்பக்கம் சரிந்திருந்தால் ஜக்கெற் பெரிது.

5. ஹெல்மெற்றைப் போட்டு அண்ணாந்து பாருங்கள். அதன் பின்விளிம்பு முதுகுக் கவசத்தில் இடித்தால் கவசம் நீளம். ஏற்றத்தில் மேலே பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அது கழுத்தைத் தள்ளும்.

6. முதுகுக் கவசத்தை உடையின் அளவை வைத்து எடுக்காதீர்கள். கழுத்தடி எலும்பிலிருந்து இடுப்புவரை சென்ரிமீற்றரில் அளந்து, அதில் அச்சிட்ட உடல்நீள அளவோடு ஒப்பிடுங்கள். உயரமான தம்பிமாருக்கு நடுத்தர ஜக்கெற்றோடு வரும் தட்டு பெரும்பாலும் காணாது.

7. கையை நீட்டும்போது மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது. கையுறையும் கைப்பகுதியும் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும்.

8. கழற்றாமல் கடைக்கு வெளியே வந்து பத்து நிமிடம் வெயிலில் நில்லுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஜக்கெற்

வன்னியில் பலருக்குக் கிடைக்கும் முதல் நல்ல ஜக்கெற் லண்டன், பாரிஸ், ரொறன்ரோவிலிருந்து பார்சலில் வருவது. ஐரோப்பாவில் விற்பதில் நியம இலக்கம் ஒழுங்காக இருக்கும். அது பெரிய வசதி. குறை என்னவென்றால் பல ஜக்கெற்றுகள் குளிருக்கும் மழைக்கும் செய்தவை. உள்ளே காற்றுப் புகாத சவ்வு தைத்திருக்கும். கழற்றக்கூடிய உள்துணி என்றால் கழற்றிவிடலாம். துணியோடு சேர்த்து ஒட்டியதென்றால் ஒன்றும் செய்ய முடியாது. அனுப்ப முன் இப்படி ஒரு தகவல் போடுங்கள்:

‘மச்சான், பிராண்ட் எதெண்டாலும் பரவாயில்லை. மெஷ் தானோ எண்டு பார். முதுகில கவசம் வைக்கப் பொக்கெற் இருக்கோ? தோள் கவசத்தை வெளியில எடுத்து, அதில அடிச்சிருக்கிற இலக்கத்தைப் படம் பிடிச்சு அனுப்பு. என்ர நெஞ்சளவு 96 சென்ரிமீற்றர்.’

பாவித்த ஜக்கெற் என்றால் இன்னும் இரண்டு கேள்வி. எத்தனை வருடம்? ஒருமுறையாவது பலமாக விழுந்ததா? கைக்கு வந்ததும் கவசத்தைப் பெருவிரலால் அமத்துங்கள். பள்ளம் மெதுவாக மேலே வர வேண்டும். வெடிப்பு, உதிரும் தூள், ஓரங்களில் கல்லான இறுக்கம் எது இருந்தாலும் ஜக்கெற்றை வைத்துக்கொண்டு கவசத்தை மாத்திரம் புதிதாக வாங்குங்கள். தையல் பிரிந்திருந்தால் ஊர்த் தையற்காரரிடம் கொடுக்கலாம். சாதாரண பருத்தி நூல் வேண்டாம், பைகளுக்குப் பாவிக்கும் தடித்த நைலோன் நூலால் இரட்டைத் தையல் கேளுங்கள்.

வெயில்

சோளகக் காலத்தில் 35 பாகை என்பது இங்கே சாதாரண மத்தியானம். கிரவலில் வேகம் குறைவு, ஆகவே மெஷ்ஷுக்குள் போகும் காற்றும் குறைவு. உடம்போ தாரில் ஓடுவதைவிடக் கூடுதலாக உழைக்கும்.

கறுப்பை விடுங்கள். சாம்பல், மண் நிறம், வெள்ளை கலந்தவை சூட்டைக் குறைவாக இழுக்கும். புழுதிக்குள் எதிரே வரும் உழவு இயந்திரக்காரருக்கும் நீங்கள் தெரிவீர்கள். ஊத்தை தெரியும் என்பது உண்மைதான்.

உள்ளே பருத்தி பெனியன் வேண்டாம். வியர்வையை உறிஞ்சி நனைந்தபடியே கிடந்து தோலை உரசும். விளையாட்டு ஜேர்சித் துணியில் முழுக்கைச் சேட் நல்லது. வறண்ட காற்று வீசும் மாதங்களில் அந்தச் சேட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு மேலே மெஷ் ஜக்கெற் போட்டால் ஓடும்வரை குளிர்ச்சி இருக்கும். மாரியில் இந்த உத்தி வேலை செய்யாது, காற்றே ஈரமாக இருப்பதால்.

நிழலில் நிற்கும்போதெல்லாம் சிப்பைத் திறந்து தண்ணீர் குடியுங்கள். தலைச்சுற்று, குமட்டல், பேச்சுக் குழறல், வியர்வை நின்று போதல் கண்டால் ஓட்டம் அன்றைக்கு முடிந்தது. ஜக்கெற்றைக் கழற்றி, ஆளை நிழலில் கிடத்தி, கழுத்திலும் கமக்கட்டிலும் தண்ணீர் ஊற்றி, உதவிக்கு அழையுங்கள்.

அடிக்கடி காணும் பிழைகள்

வளருவான் என்று பிள்ளைக்குப் பெரிய அளவு வாங்குவது முதல் பிழை. சப்பாத்துக்குப் பொருந்தும் கணக்கு கவசத்துக்குப் பொருந்தாது.

முதுகுப் பைக்குள் திறப்பு, ஸ்பானர், பூட்டுச் சங்கிலி வைத்துக்கொண்டு ஓடுவது அடுத்தது. முதுகில் விழும்போது ஸ்பானர் கவசத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் மாட்டும்; பை சரிந்திருந்தால் கவசமே இல்லாத இடுப்பில் குத்தும். கருவிகளைப் பைக்கிலேயே கட்டுங்கள். நெஞ்சுப் பொக்கெற்றில் தொலைபேசி வைப்பதும் இதே வகைதான்.

மழைக்கோட்டைக் கவசத்துக்கு உள்ளே போடாதீர்கள். வெளியே போடுங்கள், கிழிந்தால் மழைக்கோட்டு கிழியட்டும்.

காற்றுப்பை உடைகள் பற்றிக் கேட்கிறார்கள். 2021 முதல் டக்கார் ஓட்டப் போட்டியில் மோட்டார் சைக்கிள்காரருக்கு அவை கட்டாயம். எமக்கு அவை இன்னும் நடைமுறைக்கு உதவாது என்பது என் கருத்து: ஒருமுறை விரிந்தால் காஸ் சிலிண்டர் மாற்ற வேண்டும், அதை ஊரில் தேடி எடுப்பது பாடு. வயரால் பைக்கோடு கட்டும் வகையில், விழும்போது நீங்களும் பைக்கும் சேர்ந்தே மெதுவாகச் சாய்ந்தால் அது விரியாமலே போகலாம். அந்தப் பணத்தை முதலில் ஹெல்மெற்றுக்கும் கால்கவசத்துக்கும் சப்பாத்துக்கும் போடுங்கள். 2015 இல் டக்காரை ஓடி முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், 2021 ஜனவரியில் சவூதியில் விழுந்தபோது பட்டது தலைக்காயம். உடம்புக் கவசத்தின் எல்லை கழுத்தோடு முடிகிறது.

இன்னொன்று: தோள் கவசம் காறையெலும்பு முறிவை முழுதாகத் தடுக்காது. விழும்போது கையை நீட்டி ஊன்றினால் விசை கை வழியே நேரே அங்கே ஏறும். கையை மடக்கி உருளப் பழகுங்கள். மணலில், பைக் இல்லாமல் பழகலாம்.

விழுந்த பின்

1. இயந்திரத்தை நிறுத்துங்கள். பெற்றோல் வடிகிறதா பாருங்கள். நடக்க முடிந்தால் தடத்தின் ஓரத்துக்கு வாருங்கள், தடத்தை விட்டு வெளியே போகாமல்.

2. கழுத்திலோ முதுகிலோ நோ இருந்தாலும், கை கால் விறைத்தாலும் ஹெல்மெற்றையோ ஜக்கெற்றையோ இழுத்துக் கழற்ற விடாதீர்கள். ஆளை அசையாமல் வைத்திருந்து 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இடம் சொல்லும்போது குளத்தின் பெயர், எந்த வீதியால் இறங்குவது, பக்கத்தில் என்ன கோயில் என்று சொல்லுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் ஒருவர் நிற்க ஒருவர் போக வேண்டும். தனியே போகாதீர்கள் என்பதற்கு இதுவே போதிய காரணம்.

3. ஆஸ்பத்திரியில் ஜக்கெற்றை வெட்ட வேண்டும் என்றால் வெட்ட விடுங்கள்.

4. சிறிய விழுகை என்றாலும் அன்று மாலையே கவசங்களை வெளியே எடுத்துப் பாருங்கள். துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காயவையுங்கள். தகரக் கூரையில் வேண்டாம், பைக் இருக்கையில் போட்டு வெயிலில் விடவும் வேண்டாம். சிப்பில் ஏறிய செம்மண்ணைப் பழைய பல் தூரிகையால் எடுங்கள். கவசத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

5. கடின ஓட்டில் வெடிப்பு, மென்கவசத்தில் நிரந்தரப் பள்ளம், கிழிசல் எது இருந்தாலும் ஒட்டுப்பசை போட்டு மீண்டும் செருகாதீர்கள். புதியது வாங்குங்கள். பழையதை எறிய முன் கத்தியால் குறுக்கே வெட்டிவிடுங்கள். முழுதாகக் கிடந்தால் வீட்டுத் தம்பி எடுத்துப் போட்டுக்கொண்டு போவான்.